குப்பை தெரியுது... வெளிச்சம் தெரியலையே! காவலூர் இருட்டைக் கெடுக்கும் சுற்றுலா

காவலூர்:

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும். ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலைப்பாதையில் வேன், கார், பைக் என்று வண்டிகள் ஏறத் தொடங்கிவிடும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வாரம் முழுக்க நின்று வேலை பார்த்தவர்கள், வாணியம்பாடி தோல் ஷாப்பில் கூலிக்குப் போகிறவர்கள், வேலூர், திருப்பத்தூர் பக்கத்துக் குடும்பங்கள், பெங்களூர் ஐ.டி. பசங்க என்று எல்லாத் தரப்பும் உண்டு. புள்ளைங்களுக்கு டெலஸ்கோப்பில் நிலாவைக் காட்டணும், அப்படியே கொஞ்சம் குளுகுளு காத்து வாங்கணும். ஆசை அவ்வளவுதான்.

ஊட்டி, கொடைக்கானல் போக ஆகிற செலவில் கால்வாசி கூட இங்கே ஆகாது. ஏழை பாழைகளும் போய் வரக்கூடிய மலை இது. அதனால் கூட்டம் வருவதில் தப்பே இல்லை.

ஆனால் இப்படி வருகிறவர்களிடம், "சுற்றுலாவால மலைக்கு என்ன கெடுதல்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேரிடம் ஒரே பதில்தான் வரும். "குப்பைங்க. எங்க பார்த்தாலும் பிளாஸ்டிக். பாட்டிலை உடைச்சுப் போட்டுட்டுப் போறாங்க. ஜனங்களுக்கு அறிவே இல்ல."

பதில் சரிதான். ஆனால் பாதிதான் சரி.

குப்பையைவிட பெரிய கெடுதல் ஒன்று காவலூரில் ராத்திரி ராத்திரி நடக்கிறது. அதைச் செய்கிறவருக்கே அது தெரிவதில்லை. காரணம், அது கண்ணுக்கு அழகாக இருக்கிறது. அதன் பெயர் வெளிச்சம்!

இருட்டுக்காக தேடிப் பிடித்த ஊர்

காவலூரில் எதற்காக டெலஸ்கோப் வைத்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் விஷயம் புரியும்.

கொடைக்கானலில் 1899-லேயே சூரியனை ஆராயும் நிலையம் வந்துவிட்டது. அது பகல் வேலை. ராத்திரி நட்சத்திரத்தைப் பார்க்க வேறு இடம் வேண்டும் என்று 1960-களில் விஞ்ஞானி வைணு பாப்பு தேடினார். ஊர் விளக்கு எட்டாத இடமாக இருக்கணும், வானம் தெளிவாக இருக்கணும், நம்ம ஊர் தென்கோடியில் இருப்பதால் தெற்கு வானமும் நன்றாகத் தெரியணும். அப்படித் தேடி அலைந்து கடைசியில் பிடித்த இடம்தான் ஜவ்வாது மலையில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் காவலூர்.

சுற்றிலும் காடு. ஆங்காங்கே மலையாளி பழங்குடி மக்களின் சின்னச் சின்ன ஊர்கள். ராத்திரி ஆனால் கும்மிருட்டு. அந்தக் கும்மிருட்டுதான் காவலூரின் மூலதனம்.

1968-ல் சின்ன டெலஸ்கோப்போடு வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-ல் உலகத்துக்குத் தெரியவந்தபோது, அதைப் பார்த்துப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986 ஜனவரியில் அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி நேரில் வந்து 2.34 மீட்டர் டெலஸ்கோப்பைத் திறந்து வைத்தார். அதற்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் வைக்கப்பட்டது. ஆனால் அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார்.

1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ஒரு மனிதரின் பெயர் இன்றைக்கும் வானத்தில் சுற்றிக்கொண்டு இருக்கிறது என்றால், அதற்கு இந்த மலையின் இருட்டும் ஒரு காரணம்.

வெளிச்சம் எப்படி குப்பை ஆகும்?

"லைட்டு போட்டா என்னங்க? அது மேல போய் நட்சத்திரத்தை இடிக்கப் போகுதா?" இப்படிக் கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான்.

பகலில் நட்சத்திரம் ஏன் தெரிவதில்லை? அவை எங்கேயும் போய்விடவில்லை. அங்கேயேதான் இருக்கின்றன. சூரிய வெளிச்சம் காற்றில் சிதறி வானம் முழுக்க பளபளவென்று ஆகிவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான்.

ராத்திரியில் ஊர் விளக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. தெருவிளக்கு, விளம்பரப் பலகை, மண்டபத்து சீரியல் செட்டு, கார் ஹெட்லைட் என்று மேலே போகும் வெளிச்சம் எல்லாம் காற்றில் இருக்கும் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறுகிறது. ஊருக்கு மேலே ஒரு வெளிறிய போர்வை போர்த்தியது மாதிரி ஆகிவிடுகிறது. சென்னையில் மொட்டை மாடியில் நின்று எண்ணினால் விரல் விட்டு எண்ணக்கூடிய நட்சத்திரம்தான் தெரியும். காரணம் இதுதான்.

டெலஸ்கோப்புக்கு இது இன்னும் மோசம். அது நம்ம கண் மாதிரி சட்டென்று பார்த்துவிட்டுப் போவதில்லை. மங்கலான ஒரு நட்சத்திரத்தில் இருந்து சொட்டுச் சொட்டாக வரும் ஒளியை நிமிஷக் கணக்கில், சில சமயம் மணிக் கணக்கில் சேர்த்து வைக்கிறது. நட்சத்திர ஒளியோடு ஊர் வெளிச்சமும் சேர்ந்து உள்ளே விழுகிறது. பால் கறக்கும் சொம்பில் யாரோ பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிற கதைதான்.

கீழே கிடக்கும் பிளாஸ்டிக் கவரைப் பொறுக்கிவிடலாம். மேலே போன வெளிச்சத்தைப் பொறுக்க முடியாது. ஆனால் இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. சுவிட்சை அணைத்தால் அந்த நொடியே குப்பை காலி!

சும்மா சுற்றுலா மேல் பழி போடலாமா?

போடக்கூடாது. காவலூர் வானத்தில் ஏறும் வெளிச்சத்துக்கு மலைக்கு வருகிற ஜனங்கள் மட்டுமே காரணம் என்றால் அது பொய். கீழே சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை விடிய விடிய ஓடுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் எல்லாம் பெருத்துக்கொண்டே போகின்றன. பழைய மஞ்சள் விளக்கு போய் வெள்ளை வெளேர் எல்.இ.டி. வந்துவிட்டது. நீலம் கலந்த அந்த வெள்ளை, பழைய மஞ்சளைவிட அதிகமாகவே வானத்தில் சிதறும்.

ஆனால் தூரத்து ஊர் வெளிச்சம் வேறு, பக்கத்திலேயே அடிக்கும் வெளிச்சம் வேறு. டெலஸ்கோப் இருக்கும் மலையிலேயே வண்டி வண்டியாக ஹெட்லைட் அடித்தால், சுற்று வட்டாரத்தில் விடுதிகள் பெருகி தோட்டம் முழுக்க கலர் லைட்டும் ராத்திரி கேம்ப் பயரும் வந்தால் தாங்காது. அந்தப் பக்கம் ஏலகிரியைப் பாருங்கள். 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் விடுதிக்கு விடுதி போர்டு. அங்கே டெலஸ்கோப் இல்லை, அதனால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. காவலூரும் அந்த வழியில் போனால் கதை முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், இருட்டான வானத்தைப் பார்க்கத்தான் ஜனங்கள் இங்கே வருகிறார்கள். வரும்போதே அந்த இருட்டை அழித்துக்கொண்டு வருகிறார்கள்.

மின்மினிப் பூச்சி சொல்லும் சேதி

இது காவலூர் கதை மட்டும் இல்லை. மகாராஷ்டிராவில் பண்டாரதரா என்று ஒரு மலைப்பகுதி. மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மே கடைசி, ஜூன் மாதத்தில், அங்கே மரம் முழுக்க மின்மினிப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மின்னும். பார்க்க மும்பை, புனேவில் இருந்து ஜனங்கள் குவிகிறார்கள்.

மின்மினி மின்னுவது நமக்கு வேடிக்கை காட்ட இல்லை. ஜோடி தேடும் சிக்னல் அது. கார் ஹெட்லைட்டும் செல்போன் டார்ச்சும் அடித்தால் அந்த சிக்னல் குழம்பிப் போகிறது. தரையில் இருக்கும் பூச்சிகள் காலில் மிதிபட்டுச் சாகின்றன. இப்படியே போனால் பார்க்க வந்ததே இல்லாமல் போய்விடும் என்று பூச்சி ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமாகக் கத்திக்கொண்டு இருக்கிறார்கள். பார்க்க வந்தவர்களுக்கோ தாங்கள் ஏதோ தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே கிடையாது. கையில் ஒரு குப்பைக் காகிதம் கூட போடவில்லையே!

நம்ம மசினகுடி கதையும் அப்படித்தான். முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர் அது. காட்டுக்குள் தங்கணும், யானையைப் பக்கத்தில் பார்க்கணும் என்று ஆசைப்பட்டு ஜனங்கள் போக, யானை நடக்கும் வழியில் விடுதிகள் முளைத்தன. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபரில் யானை வழித்தடத்தைக் காப்பாற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அடுத்த மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடி பக்கம் ஒரு ஆண் யானை மீது எரியும் டயரை வீசிய கொடுமை நடந்தது. அந்த யானை செத்துப்போனது. வீடியோ வெளியானபோது ஊரே கொதித்தது.

அந்தப் பக்கம் விடுதியில் தங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, குப்பையைக்கூட ஒழுங்காகத் தொட்டியில் போட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ இருக்கும். தாங்கள் படுத்துத் தூங்கிய அறையே யானை போகும் பாதைதான் என்று அவர்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

'நான் இல்லை... அவங்கதான்!'

சுற்றுலாப் பயணிகளின் மனசு எப்படி வேலை செய்கிறது என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஆண்டிலோப் தீவு என்று ஒரு பூங்கா. காட்டெருமை, மான் எல்லாம் இருக்கும் இடம். அங்கே பாதைகளில் போய் வந்த 600-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில் சுமார் பாதிப்பேர், "எங்களால மிருகங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு பக்கத்தில் போனால் மிருகம் மிரளும் என்பதிலும் அவர்கள் கணக்கு தப்பு. அவர்கள் நினைத்ததைவிட ரொம்ப தூரத்திலேயே மிருகங்கள் மிரண்டு ஓடியிருக்கின்றன.

இன்னொரு கூத்தும் அதில் வெளியானது. தொந்தரவு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டவர்களும் பழியைத் தங்கள் ஆட்கள் மேல் போடவில்லை. வேறு வகை ஆட்கள் மேல்தான் போட்டார்கள்.

நம்ம ஊரில் மட்டும் என்ன வாழுது? பைக்கில் வருகிறவர், "கார்காரங்கதான் எல்லாத்தையும் நாசம் பண்றாங்க" என்பார். குடும்பத்தோடு வருகிறவர், "இந்தத் தண்ணி அடிக்கிற பசங்களாலதான் சார்" என்பார். தண்ணி அடிக்கிறவர், "நாங்க பாட்டுக்கு ஓரமா குடிச்சுட்டுப் போறோம், குழந்தைங்க தின்னுட்டுப் போடற கவர்தான் அதிகம்" என்பார். லோக்கல்காரர்கள், "வெளியூர்க்காரங்க" என்பார்கள். வெளியூர்க்காரர்கள், "உள்ளூர்லயே சுத்தம் இல்லையே" என்பார்கள்.

குற்றவாளி எப்போதும் அடுத்த வண்டியில்தான் வருகிறான்!

குப்பை விஷயத்தில் ஜனங்கள் உஷாராக இருப்பதற்கும் இதுதான் காரணம். குப்பை என்றால் அடுத்தவன் போட்டது என்று கை காட்டிவிடலாம். அருவியில் போடும் சோப்பு, ஷாம்பு, வண்டியில் கட்டிய பாட்டு பாக்ஸ், குரங்குக்கு நீட்டும் சிப்ஸ், காட்டோரம் மூட்டும் நெருப்பு, சும்மா எரியவிட்ட ஹெட்லைட் - இதெல்லாம் நாமே செய்வது. அதனால்தான் அதெல்லாம் நமக்குக் கெடுதலாகத் தோன்றுவதே இல்லை.

குரங்கு கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். "பாவம், பசிக்குது" என்றுதான் பிஸ்கட் போடுகிறோம். புண்ணியம் என்று நினைக்கிறோம். அந்தக் குரங்கு காட்டுக்குள் பழம் தேடிப் போகாமல் ரோட்டோரமே உட்காரப் பழகிவிடுகிறது. வேகமாக வரும் வண்டியில் அடிபடுகிறது. இல்லையென்றால் அடுத்து வரும் பொம்பளைப் பிள்ளையின் கையில் இருக்கும் பையைப் பறிக்கிறது. நாம் செய்த புண்ணியத்தின் பலன் யாரோ அனுபவிக்கிறார்கள்.

நெருப்பு விஷயம் இன்னும் பயங்கரம். கோடையில் ஜவ்வாது மலைக் காட்டில் இலை உதிர்ந்து, புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை தமிழ்நாடு மறந்திருக்காது. காய்ந்த மலையில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு அதைவிட சாட்சி வேண்டியதில்லை.

பாலாற்றங்கரைக்காரர்களுக்குத் தெரியாதா?

அடுத்தவர் செய்யும் கெடுதல் தங்கள் தலையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று வாணியம்பாடி, ஆம்பூர் ஜனங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோல் கழிவு கலந்து பாலாறு என்ன ஆனது என்று அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். கிணற்றுத் தண்ணீர் கெட்டு, நிலம் கெட்டு, கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ல் நாடே திரும்பிப் பார்த்த தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் பிரச்சினை தீராமல் 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது.

அங்கேயும் இதே கதைதான். தோல் ஷாப்பில் நிற்கிறவருக்குத் தன் வாசலில் ஓடும் சாக்கடை மட்டும்தான் தெரியும். அது பல மைல் தாண்டி யாருடைய கிணற்றில் இறங்குகிறது என்று தெரியாது. கிணறு கெட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

மலையிலும் கிணறு கெட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் மலையாளி ஜனங்கள். சாமை, தேன், புளி, பலா என்று காட்டையும் காட்டோரக் கொல்லையையும் நம்பிப் பிழைக்கிறவர்கள். மேலே ஓடையில் ஷாம்பு போட்டுக் குளித்தால் கீழே அவர்கள் மாடு குடிக்கும் தண்ணீரில்தான் நுரை வரும். உடைந்த பாட்டில் அவர்கள் பிள்ளைகள் நடக்கும் வழியில்தான் கிடக்கும். கூட்டம் வந்து கத்திவிட்டு ஞாயிறு ராத்திரியோடு இறங்கிவிடும். திங்கட்கிழமை காலையில் அதை மிதிக்கிறவர்கள் அவர்கள்.

அதற்காக சுற்றுலாவே வேண்டாம் என்று அவர்களும் சொல்ல முடியாது. தேன், சாமை, பலாப்பழம் விற்க வாடிக்கையாளர் வேண்டும். ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடந்தால், பீமன் அருவிக்கும் கோலப்பன் ஏரிக்கும் கூட்டம் வந்தால், நாலு காசு புழங்கும். அதேபோல மலைவாசி ஜனங்களுக்கு ரோடும் கரண்டும் தெருவிளக்கும் வேண்டும். டெலஸ்கோப்புக்காக அவர்கள் இருட்டில் கிடக்கட்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

விளக்கு வேண்டும். ஆனால் தரையைப் பார்த்து எரியும் விளக்கு வேண்டும். மேலே ஒரு மூடி போட்ட, கீழ்நோக்கித் திருப்பிய விளக்கு இருந்தால் நடக்கிறவர் காலடி இன்னும் நன்றாகத் தெரியும். வானத்துக்கு வீணாகப் போகும் வெளிச்சம் மிச்சம் ஆகும். கரண்டு பில்லும் மிச்சம். இதில் யாருக்கும் நஷ்டம் கிடையாது.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்கலாம். நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

காவலூர் ஆய்வகத்தை நடத்தும் அதே பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கில் ஹான்லே என்ற இடத்திலும் ஆய்வகம் இருக்கிறது. சுமார் 4,500 மீட்டர் உயரம். 2022-ல் அந்தப் பகுதியை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ராத்திரியில் வண்டிகள் ஹெட்லைட்டைத் தூக்கி அடிக்கக்கூடாது, வீட்டு ஜன்னலுக்குத் திரை போடணும், வெளி விளக்குக்கு மூடி போடணும் என்று கட்டுப்பாடு. ஊர் ஜனங்களின் பிழைப்பைக் கெடுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் 20-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, டெலஸ்கோப்பும் கொடுத்து, வருகிறவர்களுக்கு நட்சத்திரம் காட்டும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார்கள். இருட்டே அவர்களுக்குச் சோறு போடுகிறது!

மகாராஷ்டிராவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024 ஜனவரியில் இருள்வானப் பூங்கா என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. இந்தியாவில் முதல் பூங்கா அதுதான். அதற்காக சுற்றியுள்ள கிராமங்களில் தெருவிளக்குகளைத் தரையைப் பார்த்து எரியும்படி மாற்றினார்கள். நம்ம தமிழ்நாட்டிலும் நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இப்படி ஒரு பூங்கா அமைக்கப்படும் என்று 2023-ல் அரசு அறிவித்தது. கொல்லிமலைக்கு வந்த யோசனை, அரை நூற்றாண்டுக்கு மேலாக டெலஸ்கோப் வைத்திருக்கும் காவலூர் மலைக்கும் வர வேண்டாமா?

புத்திமதியா, 10 ரூபாயா?

அறிவுரை சொன்னால் மட்டும் ஜனங்கள் கேட்டுவிடுவார்களா? மாட்டார்கள் என்பதற்கு நீலகிரியே உதாரணம்.

காட்டில் உடைத்துப் போடும் மது பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று எத்தனையோ போர்டு வைத்தார்கள். பலன் இல்லை. கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான்! பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. போர்டு சாதிக்காததை 10 ரூபாய் சாதித்தது.

கூட்டத்துக்கும் அப்படி ஒரு கடிவாளம் வந்துவிட்டது. 2024 மே 7-ந் தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் எடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 சீசனில் ஒருபடி மேலே போய், நீலகிரிக்கு சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி, ஞாயிறில் 8,000 வண்டி, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 வண்டி என்று வரம்பே வைத்தது. மலை தாங்கும் அளவு என்று ஒன்று இருக்கிறது என்பதை கோர்ட்டே சொல்ல வேண்டிய நிலைமை.

முதுமலை, ஆனைமலை, முக்குருத்தி மாதிரி தேசியப் பூங்கா என்றால் செக்போஸ்ட் இருக்கும், வனக்காவலர் இருப்பார். ஜவ்வாது மலைக்கு அந்த அந்தஸ்து கிடையாது. காப்புக்காடும் ஊரும் கொல்லையும் கலந்து கிடக்கும் மலை. யார் வேண்டுமானாலும் எந்நேரமும் ஏறலாம். அதனால் இங்கே வருகிறவரின் மனசாட்சிதான் செக்போஸ்ட்.

அடுத்த சனிக்கிழமை போகிறீர்களா?

தாராளமாகப் போகலாம். புள்ளைங்களைக் கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. பொதுமக்களுக்கு சனிக்கிழமைதான் என்பது பல வருஷ வழக்கம். கிளம்பும் முன்னால் அனுமதி நேரத்தை ஆய்வகத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம். வானம் மூடியிருந்தால் டெலஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது.

கொண்டுபோன கவரைத் திருப்பி எடுத்து வரணும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-ந் தேதியே தடை வந்துவிட்டது. அதோடு இன்னும் சில விஷயம். மலை ஏறியதும் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள். வண்டியை நிறுத்தியதும் எல்லா லைட்டையும் அணையுங்கள். டார்ச் வேண்டும் என்றால் சிவப்பு கண்ணாடிக் காகிதம் சுற்றி, தரையைப் பார்த்து அடியுங்கள். செல்போனைப் பைக்குள் வையுங்கள்.

பிறகு ஓரமாக நின்று ஒரு அரை மணி நேரம் பொறுங்கள். இருட்டுக்குக் கண் பழக அவ்வளவு நேரம் ஆகும். அதற்குப் பிறகு அண்ணாந்து பார்த்தால் தெரியும், ஊரில் இத்தனை வருஷமாக எதை இழந்துவிட்டு இருக்கிறோம் என்று. டெலஸ்கோப் கூட தேவைப்படாது.

அந்த நேரம் பார்த்து பக்கத்தில் ஒருத்தர் செல்போன் லைட்டைப் பளிச்சென்று அடித்தால் சுருக்கென்று கோபம் வரும் பாருங்கள்... காவலூர் டெலஸ்கோப்புக்கு ராத்திரி ராத்திரி வரும் கோபம் அதுதான். அதற்கு வாய் இல்லை. அதனால் சொல்வதில்லை.

மலைக்கு வரும் வெளிச்சத்துக்கு வரம்பு கட்ட, விடுதிகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் மூடி போட வைக்க, மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் சீக்கிரம் முன்வர வேண்டும். அதுவரை நம்ம கையில் இருக்கும் சுவிட்சை நாமே அணைக்கலாமே?